முதல் கூடாரத்தை எங்கே அடிப்பது?

வாசகர் கேள்வி: மதுரை ஆனையூரில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். ஒன்பது வயதில் மகள், நான்கு வயதில் மகன். மூட்டுவலி உள்ள அறுபத்தெட்டு வயது மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். பிள்ளைகள் கைப்பேசியை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்பதால், இணையத்தில் 'நான்கு பேர் டென்ட்' ஒன்று வாங்கிவிட்டோம். இதுவரை ஓர் இரவுகூட வெட்டவெளியில் தங்கியதில்லை. பொங்கல் விடுமுறையில் சிறுமலையிலோ கொடைக்கானலிலோ கூடாரம் அடிக்கலாமா? பாம்பு, குளிர், கழிப்பறை மூன்றையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. "வீடு இருக்கும்போது எதற்குத் தரையில் போய்க் கிடக்க வேண்டும்?" என்று மாமியார் கேட்கிறார். என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, என்ன கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நீங்கள் அதைக் கடைசியில் வைத்து, பயங்களை முன்னால் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசை சரியானது. பள்ளிப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் இருபது ஆண்டுகளாகக் கூடாரத்தில் தங்க அழைத்துச் சென்றுவருபவன் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொங்கலுக்குச் சிறுமலையும் வேண்டாம், கொடைக்கானலும் வேண்டாம். முதல் இரவை உங்கள் வீட்டு மொட்டை மாடியில் கழியுங்கள். இரண்டாவது இரவை, நடுச்சாமத்தில் பிள்ளை அழுதாலும் முக்கால் மணி நேரத்தில் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு தோப்பில் கழியுங்கள். மலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலை வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் குளிர். மதுரை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலோ ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கில், தை மாதத்து இரவில் மதுரையில் 20 டிகிரி இருந்தால் கொடைக்கானலில் அது 7 டிகிரிக்கு வந்துவிடும். மின்விசிறிக்குக் கீழேயே படுத்துப் பழகிய நான்கு வயதுப் பிள்ளைக்கும் மூட்டுவலிக்காரருக்கும், சாதாரணக் கூடாரத்துக்குள் அந்தக் குளிர் ஒரு தண்டனை. இரண்டாவது காரணம் சட்டம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதே 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்வெளியில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததற்குப் பிறகு, மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளும் வந்துவிட்டன. "நம்ம எஸ்டேட்தான் சார், யாரும் கேட்க மாட்டாங்க" என்று தொலைபேசியில் உறுதி தருபவரிடம், உள்ளாட்சி அமைப்பின் அனுமதிக் கடிதத்தைக் காட்டும்படி கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சிறுமலையிலும் கொடைக்கானல் பகுதியிலும் காட்டுமாடுகள் இரவில் தோட்டங்களுக்குள் மேய வருவது வழக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு விலங்குக்கு உங்கள் கூடாரக் கயிறு கண்ணுக்குத் தெரியாது.

பொங்கல் விடுமுறையிலும் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள்களில் ஜல்லிக்கட்டு நடக்கும்போது, நீங்கள் போகக்கூடிய வடக்குப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். நடுவில் திரும்பி வர வேண்டும் என்றால் வழி கிடைக்காது. வீட்டிலிருந்து அந்தத் தோப்பு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அந்த மூன்று நாள்களில் அது தொலைதூரம்தான். பொங்கலுக்கு அடுத்து வரும் சனிக்கிழமையோ குடியரசு தினத்தை ஒட்டிய விடுமுறையோ போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத தை, மாசி மாதங்கள்தான் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கூடாரத்துக்கு ஏற்ற காலம். அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்றில் நைலான் துணியைக் கட்டிப் பார்ப்பதும், ஐப்பசி அடைமழையில் ஈரத்தரையில் படுத்துப் பார்ப்பதும் அனுபவசாலிகளுக்கே பெரும்பாடு.

மொட்டை மாடி என்றதும் உங்கள் மகள் முகம் சுளிக்கலாம். ஆனால் காட்டில் தெரியவரும் குறைகளில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். 'நான்கு பேர்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டடி அகலம் என்று வைத்துப் போட்ட கணக்கு. பைகளுக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் புரண்டு படுக்கும் பிள்ளைக்கும் அதில் இடமே கிடையாது. பெரியவர்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் படுத்தால் அது நிறைந்துவிடும், ஐந்தாமவருக்கு இடமில்லை. மாடியில் முளை அடிக்க முடியாது என்பதால், நான்கு மூலைகளிலும் மணல் நிரப்பிய சிமென்ட் சாக்குகளையோ தண்ணீர் நிரப்பிய பத்து லிட்டர் கேன்களையோ வைத்துக் கயிற்றை அவற்றில் கட்டுங்கள். முதல் முறை பகல் வெளிச்சத்தில் அடியுங்கள். பிரித்துவிட்டு, விளக்கை அணைத்து, டார்ச் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் அடியுங்கள். அடித்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, உள்ளே எந்தத் தையலில் கசிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். கசிந்தால் அதற்கென விற்கும் பசையைத் தடவி ஒரு நாள் உலரவிட வேண்டும். பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்குக் கீழே இறங்கி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டால், அதைத் தோல்வி என்று சொல்லிக் கேலி செய்ய வேண்டாம். அடுத்த வாரம் இன்னோர் இரவு முயன்று பாருங்கள்.

அடுத்து உங்கள் மாமியாரின் கேள்வி. எனக்கு அதில் எரிச்சல் இல்லை, மரியாதைதான் இருக்கிறது. அவருடைய சின்ன வயதில் சித்திரைத் திருவிழாவுக்குக் கிராமத்திலிருந்து கூண்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மதுரைக்கு வந்து, அழகர் ஆற்றில் இறங்கும்வரை கரையோரத்திலும் மரத்தடியிலும் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிய வழக்கம் இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால், உங்கள் வீட்டில் வெளியில் தங்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அடுப்பைக் காற்றுக்கு எந்தப் பக்கம் மூட்டுவது, மாட்டை எங்கே கட்டுவது, பாயை எங்கே விரிப்பது என்று இணையக் காணொளிகள் நமக்கு இப்போது புதிதாகச் சொல்லித்தரும் காரியங்களை எல்லாம் அவர்கள் செய்தே பழகியவர்கள். அவரைக் கூடாரத்துக்குள் குனிந்து, தவழ்ந்து நுழையச் சொல்ல வேண்டாம். மூட்டுவலி உள்ளவருக்குத் தரையிலிருந்து எழுவதுதான் பெரிய வேதனை. தோப்பு வீட்டுத் திண்ணையில் ஒரு கட்டிலும் கொசுவலையும் போட்டு, கூடாரத்தின் வாசல் அவர் கண்ணில் படும்படி அமைத்துக் கொடுங்கள்.

தோப்பைத் தேடும்போது தெரிந்தவர்கள் வழியாகவே தேடுங்கள். அழகர்கோவில் சாலையிலோ நத்தம் சாலையிலோ வாடிப்பட்டிப் பக்கமோ, அலுவலக நண்பர் யாருக்காவது ஒரு பம்புசெட்டும் ஓர் அறையும் உள்ள தோட்டம் இருக்கும். அங்கே கட்டாயம் இருக்க வேண்டியவை கதவுள்ள கழிப்பறை, கார் நேராக வந்து நிற்கும் பாதை, கைப்பேசிக்குச் சிக்னல், இரவில் அங்கேயே தங்கும் காவலாளி அல்லது தோட்டக்காரர் குடும்பம் ஆகிய நான்கு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கழிப்பறையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் அழைத்துச் சென்ற குடும்பங்களில் "இனி வர மாட்டோம்" என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் பாம்புக்கோ குளிருக்கோ பயந்து அப்படிச் சொல்லவில்லை. கழிப்பறை சரியில்லாததால் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள்தான் அதைச் சொன்னார்கள். மாமியாருக்கு மடக்கும் கமோடு நாற்காலி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், ஏனென்றால் இடம் பார்க்க வெளிச்சம் வேண்டும். தென்னைக்கு அடியில் ஒருபோதும் கூடாரம் அடிக்காதீர்கள். காய்ந்த மட்டையும் நெற்றும் எந்த நேரத்தில் விழும் என்று மரம் ஏறுபவருக்கே தெரியாது. மாமரமாக இருந்தால் அண்ணாந்து பாருங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடுகள் தெரிந்தால் அவை முசுறு எறும்புகளுடையவை. அவை கயிற்றின் வழியாக இறங்கி வந்துவிடும். புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்று என் பாட்டி சொன்னதற்கு அவர் கூறிய காரணத்தை நான் நம்புவதில்லை, ஆனாலும் வயதான எந்த மரத்தின் கிளைக்கு அடியிலும் நான் படுப்பதில்லை. மலையடிவாரத் தோட்டமென்றால் ஓடையைவிட்டுத் தள்ளியே இருங்கள். மணல் உலர்ந்து மெத்தென்று இருக்கும் ஓடைப்படுகையைப் பார்த்ததும் பிள்ளைகள் அங்கேதான் படுக்க வேண்டும் என்பார்கள். ஆனால் சிறுமலையிலோ அழகர்மலையிலோ மேலே மழை பெய்தால், கீழே ஒரு தூறலும் விழாமலேயே ஓடையில் தண்ணீர் வந்துவிடும். அருவிகளின் அருகே தங்குவதற்கும் இதே பதில்தான்.

இடத்தைத் தேர்ந்தபின், கூடாரத்தை விரிப்பதற்கு முன்னால் நீங்கள் ஒவ்வொருவரும் அந்தத் தரையில் இரண்டு நிமிடம் படுத்துப் பாருங்கள். பாதி எலுமிச்சம்பழம் அளவுள்ள ஒரு கல் நிற்கும்போது கண்ணில் படாது. படுத்தால் இடுப்பில் இடிக்கும். நள்ளிரவுக்குமேல் அது தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிடும். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். அறுவடை முடிந்த வயலில் பயிரின் அடிக்கட்டைகள் கூடாரத்தின் தரைத்துணியைக் கிழித்துவிடும் என்பதால் வரப்பைத் தாண்டி மேட்டுக்குப் போங்கள்; வரப்பில் எலிவளைகள் இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். மேலூர், நத்தம் பக்கத்துச் செம்மண் தை மாதத்தில் ஓடுபோல் இறுகியிருக்கும். கூடாரத்தோடு தரும் மெல்லிய அலுமினிய முளைகள் அதில் வளைந்துவிடும். பட்டறையில் முக்கால் அடி நீளத்தில் எட்டு இரும்பு முளைகளை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி அடித்தால்தான் கயிறு இழுக்கும்போது அது பிடுங்கிக்கொண்டு வராது. கட்டிய கயிறுகளில் ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் கட்டிவைத்தால் இரவில் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள்.

தரைக்கும் கூடாரத்துக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய் விரிப்பீர்கள். அதில்தான் நான் என் வீட்டாரிடம் அவமானப்பட்டேன். பல ஆண்டுகளுக்கு முன், பெரியதாக இருந்தால் நல்லது என்று எண்ணி, கூடாரத்தைவிட ஓரடி அகலமான தார்ப்பாயை விரித்திருந்தேன். இரவில் பருவம் தவறிய மழை பெய்தது. கூடாரத்தின் மேல் விழுந்த தண்ணீர் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த தார்ப்பாயில் வடிந்து, அப்படியே எங்களுக்கு அடியில் தேங்கியது. என் மகள் எழுந்து உட்கார்ந்து, "அப்பா, பாய் மிதக்குது" என்றாள். தார்ப்பாய் எப்போதும் கூடாரத்தின் அடிப்பாகத்தைவிட நான்கு புறமும் நான்கு விரற்கடை சிறியதாக உள்ளடங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் வீடு பத்துக் கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது; ஈரத்தோடு காரில் ஏறி வீடு போய்ச் சேர்ந்துவிட்டோம். மலைமேல் இருந்திருந்தால் விடியும்வரை நனைந்தே கிடந்திருப்போம்.

மழையே பெய்யாத இரவிலும் விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறச் சுவரில் கை வைத்தால் ஈரம் சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு பேர் இரவெல்லாம் விட்ட மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. மேலே இருக்கும் காற்றுத் திறப்புகளை மூடாமல் விட்டு, வெளியுறை உள்வலையைத் தொடாதபடி இழுத்துக் கட்டினால் பெருமளவு குறையும். படுக்கையைச் சுவரில் ஒட்டவிடாதீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து ஏறுவதே அதிகம் என்பதால், போர்வைகளைக் கூட்டுவதற்கு முன் விரிப்புகளைக் கூட்டுங்கள். கோரைப்பாய், அதன்மேல் ஃபோம் விரிப்பு, அதன்மேல் ஜமுக்காளம் என்று மூன்றடுக்கு போதும். சமவெளித் தோப்புக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்கிப் பணத்தை விரயம் செய்ய வேண்டாம்.

பாம்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எந்தப் பாம்பு என்று தெரிந்துகொண்டால் எச்சரிக்கை எளிதாகும். தூங்குபவரை வந்து கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். அது இரவில் திரியும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, பல்லின் தடம்கூடத் தெரியாமல் போகலாம். வெறுந்தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களே அதிகம் கடிபடுகிறார்கள். எனவே அடித்துணி தைத்து, ஜிப் முழுவதும் மூடிய கூடாரம் திறந்த பாயைவிடப் பாதுகாப்பானது. ஜிப்பை ஒரு விரல் அளவும் திறந்து வைக்காமல் மூடுவதைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே பழக்கிவிடுங்கள். உள்ளே பிஸ்கட், முறுக்கு எதையும் வைக்கக் கூடாது, ஏனென்றால் துணுக்குகளைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். செருப்புகளை வெளியில் விடாமல் ஒரு பையில் போட்டுக் கட்டி உள்ளே வையுங்கள். இரவில் இறங்கும் ஒவ்வொரு முறையும் டார்ச்சை அடித்துத் தரையைப் பார்த்தபின் காலை வையுங்கள். விடியற்காலையில் யாருக்காவது காரணமில்லாமல் வயிறு வலித்து, இமைகள் சொருகி, விழுங்கச் சிரமமாக இருந்தால், முந்தைய இரவுச் சாப்பாட்டைக் குறைசொல்லிக்கொண்டு இராமல் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்தோ சொந்தக் காரிலோ அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. முக்கால் மணி நேரத் தூரம் என்று நான் பிடிவாதமாக எழுதியதற்கு முதன்மையான காரணம் இதுவே.

பாம்பைவிட நான் அதிகம் பயப்படுவது நெருப்புக்கு. குளிருகிறது என்று கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. எரிந்து முடிந்ததுபோல் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோவார்கள். கொசுவத்திச் சுருளையும் அரிக்கேன் விளக்கையும் உள்ளே ஏற்றாதீர்கள். நைலான் துணி தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். கொசுவுக்குக் கூடாரத்தின் வலையே போதும். மாலை ஐந்தரை மணிக்கே ஜிப்பை மூடிவிடுங்கள். காஸ் அடுப்பு கூடாரத்திலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி, காற்று கூடாரத்தை நோக்கி வீசாத பக்கத்தில் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பெரிதுபடுத்த வேண்டாம். முதல் தோப்பு இரவில் சமையலே வேண்டாம் என்பது என் கருத்து. மதியம் வீட்டில் கிளறிய புளியோதரை, இரவுக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, காலையில் ஒரு காபி. தேங்காய்ச் சட்டினி வேண்டாம், ஊசிப்போகும். குடிக்க இருபது லிட்டர் கேன் ஒன்று குழாயோடு. புழங்குவதற்குப் பம்புசெட் தண்ணீர். ஆளுக்கொரு டார்ச், மாமியாரின் மாத்திரைகள், கூடாரத்துக்குள் போடும் பழைய துண்டு ஒன்று, குப்பையைக் கட்டி எடுத்துவரச் சாக்குப்பை. நீங்கள் கேட்ட பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான். இடி இடித்தால் மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றி உட்காருங்கள். மரத்தடியோ கூடாரமோ அப்போது உதவாது.

திரும்பி வந்ததும் கூடாரத்தை ஈரத்தோடு பைக்குள் திணித்து வைத்தால் பத்தே நாளில் பூஞ்சை பிடித்து நாறும். மொட்டை மாடிக் கொடியில் நிழல் படும் இடத்தில் முழுதாக உலர்த்திய பிறகே மடியுங்கள். அன்று மாலையே எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணிகளைச் சுடுநீரில் ஊறப்போடுங்கள். புதர்களிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிறு உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நம் பக்கத்தில் இருக்கிறது. கடித்தவுடன் ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வரும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை அழுத்தும் இடம், காதின் பின்புறம் ஆகியவற்றில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும், தோப்பில் தங்கியதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், ஏனென்றால் அவர் கேட்காமல் போகலாம். உரிய மருந்தை உடனே தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து ஒரு வாரம் காத்திருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இரண்டு தோப்பு இரவுகள் நல்லபடியாகக் கழிந்து, பிள்ளைகள் தாங்களாகவே கூடாரத்தை அடிக்கத் தெரிந்துகொண்டபின் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுப்பதிலிருந்து தொடங்கி, அனுமதியுள்ள இடத்தை எப்படிக் கண்டறிவது என்பதுவரை அப்போது விரிவாகச் சொல்கிறேன். மாமியார் வண்டி கட்டி வந்த கதை ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.